ராஜியில் கையெழுத்து... வாசலில் பூட்டு!

நிலத் தகராறில் நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட சமரசத்தை ஒருவர் மீறினால், அவமதிப்பு வழக்கு எப்போது பாயும்? எப்போது பாயாது?

மாவட்ட நீதிமன்ற வளாகத்தின் பின்கட்டில் இருக்கிறது சமரசத் தீர்வு மையம். ஒரு நீள மேஜை, பிளாஸ்டிக் நாற்காலிகள். மேஜை மேல் கிராம வரைபட நகல் ஒன்று விரிந்து கிடக்கிறது. அதன் நான்கு மூலைகளையும் தண்ணீர் பாட்டிலும் வழக்குக் கட்டுகளும் பிடித்துக்கொண்டிருக்கின்றன. ஒரு பக்கம் அக்கா, எதிர்ப்பக்கம் தம்பி. அப்பா விட்டுப்போன புஞ்சைக்காக இருவரும் பல ஆண்டுகளாக வாய்தாவுக்கு வந்து போகிறவர்கள். வளாகத்து டீக்கடையில்கூட ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காதவர்கள்.

“வடக்குப் பக்கம் நாப்பது சென்ட் அக்காவுக்கு. கெழக்கு ஓரமா பன்னெண்டு அடி வண்டிப் பாதை விட்டுடறேன், எழுதிக்குங்க சார்” என்கிறார் தம்பி.

“அந்தக் கொட்டகை பாதையிலதானடா நிக்குது?”

“மூணு மாசத்துல பிரிச்சிடறேன்க்கா. உனக்குத் தராம யாருக்குத் தரப்போறேன்?”

அக்கா கண்ணைத் துடைத்துக்கொள்கிறார். சமரசர் எழுதுகிறார். இருவரும் கையெழுத்துப் போடுகிறார்கள், வழக்கறிஞர்களும் போடுகிறார்கள். கட்டு சார்பு நீதிமன்றத்துக்குப் போகிறது. நீதிபதி இருவரையும் பார்த்துச் “சம்மதம்தானே?” என்று கேட்கிறார். இருவரும் தலையாட்டுகிறார்கள். ராஜியின்படி தீர்ப்பாணை பிறக்கிறது.

ஆறு மாதம் கழித்துக் கடலைக்கொடி ஏற்ற டிராக்டரோடு போகும் அக்கா, பாதையின் வாயிலில் புதிதாக நட்ட இரும்புக் கேட்டையும் பூட்டையும் பார்க்கிறார். கொட்டகை பிரிக்கப்படவில்லை. அதற்குப் புதுத் தகரம் போட்டிருக்கிறார்கள்.

இந்த அக்காவும் தம்பியும் விளக்கத்துக்காக நாம் வரைந்துகொண்ட குடும்பம். ஆனால், எந்த ஊர் நீதிமன்றத்துக்குப் போனாலும் இவர்களைப் போன்றவர்களைப் பார்க்கலாம். பூட்டைப் பார்த்ததும் அவர்கள் எல்லோரும் வழக்கறிஞரிடம் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: “கோர்ட்டுல ஒத்துக்கிட்டுக் கையெழுத்துப் போட்டானே, கோர்ட் அவமதிப்புல உள்ள வைக்க முடியாதா சார்?”

முடியும், சில நேரம். அந்தச் சில நேரம் எது என்பதைப் பூட்டு விழும் நாள் தீர்மானிப்பதில்லை. ராஜிப் பத்திரம் எழுதிய அன்று, அதில் ஒரு வரி இருந்ததா இல்லையா என்பதே பெரும்பாலும் தீர்மானிக்கிறது.

ராஜிக்கு ஏன் இவ்வளவு வரவேற்பு?

நிலத் தாவா தலைமுறை தாண்டும் என்பது ஊரறிந்த விஷயம். முன்சீப் கோர்ட், சார்பு நீதிமன்றம், மாவட்ட நீதிமன்றம், உயர் நீதிமன்றம் என்று ஏறி இறங்குவதற்குள் வாதி இறந்து வாரிசுகள் சேர்க்கப்பட்டிருப்பார்கள். அதனால்தான் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 89-ஆம் பிரிவு, தீர்க்கக்கூடிய வழக்கைச் சமரசத்துக்கு அனுப்பும்படி நீதிமன்றங்களைச் சொல்கிறது. 2002-லிருந்து அது நடைமுறையில் இருக்கிறது. சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் 2005-லேயே சமரசத் தீர்வு மையம் தொடங்கிவிட்டது. நீதிமன்றத்தோடு இணைந்த சமரச மையங்களுக்கு நாட்டிலேயே அது முன்னோடி. வழக்கு சமரசமானால் கட்டிய நீதிமன்றக் கட்டணமும் திரும்பக் கிடைக்கும். தரப்பினர் வெளியே தாங்களாகவே பேசித் தீர்த்துக்கொண்டாலும் கட்டணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று, சென்னை உயர் நீதிமன்றம் சம்பந்தப்பட்ட ஒரு வழக்கில் 2021-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

ஆக, ராஜிக்கு வருவதற்கான பாதை அகலமாக இருக்கிறது. ராஜியை நிறைவேற்றி வைக்கும் பாதையில்தான் இடறல்கள்.

┌──────────
ராஜித் தீர்ப்பாணை: தெரிந்துகொள்ள வேண்டியவை

● உரிமையியல் நடைமுறைச் சட்டம், ஆணை 23, விதி 3: சமரசம் எழுத்தில் இருக்க வேண்டும், தரப்பினர் கையெழுத்திட்டிருக்க வேண்டும். 1976 திருத்தத்தில் வந்த நிபந்தனை இது.

● ராஜித் தீர்ப்பாணை மீது மேல்முறையீடு கிடையாது (பிரிவு 96(3)). அது செல்லாது என்று தனியாகப் புது வழக்கும் போட முடியாது (விதி 3ஏ). ஏமாற்றி வாங்கியது என்றால், அதே நீதிமன்றத்தில்தான் முறையிட வேண்டும்.

● மைனரின் பங்கு இருந்தால், நீதிமன்றத்தின் முன் அனுமதி பெறாத ராஜி அந்த மைனரைக் கட்டுப்படுத்தாது (ஆணை 32, விதி 7).

● மக்கள் நீதிமன்றத் தீர்வும் உரிமையியல் நீதிமன்றத் தீர்ப்பாணைக்குச் சமம் (சட்டப்பணிகள் ஆணையச் சட்டம் 1987, பிரிவு 21).
└──────────

இரண்டு கதவுகள்

ராஜியை ஒருவர் மீறினால் மற்றவர் முன்னால் இரண்டு கதவுகள் இருக்கின்றன. ஒன்று, நிறைவேற்று மனு. கோர்ட் பாஷையில் ஈ.பி. தீர்ப்பு தந்த நீதிமன்றத்திலேயே போட்டு, நீதிமன்ற ஊழியரான அமீனாவைக் கொண்டு நிலத்தை மீட்பது, பத்திரம் எழுதி வாங்குவது போன்றவை இதில் அடங்கும். மற்றொன்று, அவமதிப்பு மனு. நீதிமன்ற அவமதிப்புச் சட்டம் 1971, தீர்ப்பாணைக்கும் உத்தரவுக்கும் வேண்டுமென்றே கீழ்ப்படியாமல் இருப்பதை உரிமையியல் அவமதிப்பு என்கிறது. நீதிமன்றத்துக்குத் தந்த உறுதிமொழியை வேண்டுமென்றே மீறுவதும் அதே குற்றம்தான்.

இந்த இரண்டில் ராஜித் தீர்ப்பாணை எதில் சேரும்? அரை நூற்றாண்டாக நீதிமன்றங்கள் விவாதித்துவரும் கேள்வி இது.

1979-ல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் கறாராகச் சொன்னது: இரு தரப்பும் ஒப்புக்கொண்டு ஓர் உத்தரவு பிறந்துவிட்டது என்பதாலேயே, அதை மீறுவது அவமதிப்பாகிவிடாது. சம்பந்தப்பட்டவர் நீதிமன்றத்திடம் வெளிப்படையாக உறுதிமொழி தந்திருக்க வேண்டும். அப்படித் தராதபோது, ஈ.பி. போட்டு நிறைவேற்றிக்கொள்ளுங்கள். இதற்குப் பின்னால் நியாயமான ஒரு கவலை இருந்தது. ராஜி என்பது அடிப்படையில் இரு தரப்புக்கும் இடையிலான ஒப்பந்தம். நீதிமன்றம் அதன் மேல் முத்திரை வைக்கிறது. ஒப்பந்தத்தை மீறியவரை எல்லாம் சிறைக்கு அனுப்பத் தொடங்கினால், அவமதிப்புச் சட்டம் வசூல் கருவியாகிவிடும்.

பிறகு காற்று திசை மாறியது. 2003-ல் பாங்க் ஆஃப் பரோடா தொடர்ந்த வழக்கில், நீதிமன்றத்திடம் உறுதிமொழி தந்துவிட்டு மீறினால் அது அவமதிப்புதான், ஈ.பி. வழி திறந்திருக்கிறதே என்று சொல்லித் தப்ப முடியாது என்றது உச்ச நீதிமன்றம். 2006-ல் ஒரு குடும்பத்தின் சொத்துச் சமரசம் பற்றிய வழக்கில் இன்னும் ஒரு படி மேலே போனது. சட்டத்தின் வாசகம் ‘தீர்ப்பாணை’ என்றுதான் சொல்கிறது. எதிர்த்து வாதாடிப் பெற்றது, ஒப்புக்கொண்டு பெற்றது என்று பிரிக்கவில்லை. ஆகவே உறுதிமொழி தனியாக இல்லாவிட்டாலும், ராஜித் தீர்ப்பாணையை வேண்டுமென்றே மீறினால் அவமதிப்பு ஆகலாம்.

இத்தோடு முடிந்திருந்தால் அக்காவுக்கு நிம்மதி. ஆனால் 2023 செப்டம்பரில், குஜராத் நிலம் ஒன்று தொடர்பான வழக்கில் நீதிபதி ஜே.பி. பர்திவாலா எழுதிய தீர்ப்பு பழைய கோட்டை மறுபடியும் அழுத்தமாக வரைந்தது. எதிர்த்தரப்புக்குத் தரும் வாக்கு வேறு, நீதிமன்றத்துக்குத் தரும் வாக்கு வேறு. முதலாவதை மீறுவது அவமதிப்பு ஆகாது, இரண்டாவதை மீறுவது ஆகும். ஆக, ராஜிப் பத்திரத்தில் உறுதிமொழி யாரை நோக்கி எழுதப்பட்டிருக்கிறது என்ற கேள்வி இன்றும் உயிரோடு இருக்கிறது. அவமதிப்பு மனுவை எதிர்க்கும் எந்த வழக்கறிஞரும் முதலில் தூக்கிப் போடும் கல்லும் அதுதான்.

விட்டுப்போன அந்த வரி

நம் அக்காவின் ராஜிப் பத்திரத்தைக் கொஞ்சம் அருகில் வைத்துப் பார்ப்போம். வழக்கமாக எழுதப்படுவது இப்படித்தான் இருக்கும்: ‘பிரதிவாதி, வாதியின் நிலத்துக்குச் சென்றுவரக் கிழக்குப் பக்கம் பாதை விட்டுக்கொடுக்கச் சம்மதிக்கிறார். பாதையில் உள்ள கொட்டகையை விரைவில் அகற்றிக்கொள்வார்.’

இதில் எத்தனை ஓட்டைகள்! பாதையின் அகலம் இல்லை. எந்தப் புல எண்ணில், எங்கிருந்து எங்கே என்பது இல்லை. ‘விரைவில்’ என்றால் எப்போது? அகற்றாவிட்டால் என்ன ஆகும்? ‘சம்மதிக்கிறார்’ என்பது அக்காவிடம் சொன்ன சம்மதமா, நீதிமன்றத்திடம் சொன்னதா? தம்பியின் வழக்கறிஞர் நாளை நின்று, “பாதை விட்டிருக்கிறோம், கேட்டில் ஒற்றைக் கதவு திறந்துதானே இருக்கிறது” என்று சொன்னால் என்ன செய்வது? அவமதிப்பு வழக்கு கிட்டத்தட்ட குற்றவியல் வழக்கின் தன்மை கொண்டது. உத்தரவுக்கு இரண்டு விதமாகப் பொருள் கொள்ள இடமிருந்தால், தண்டனை கிடையாது.

அதையே இப்படி எழுதியிருந்தால்: ‘இன்ன புல எண், இன்ன உட்பிரிவில், இணைத்துள்ள வரைபடத்தில் அ, ஆ, இ, ஈ என்று சிவப்பு மையில் காட்டியுள்ள 12 அடி அகலப் பாதையில் உள்ள கொட்டகையை, இன்ன தேதிக்குள் பிரதிவாதி தம் செலவில் அகற்றுவதாகவும், அந்தப் பாதையில் எந்தத் தடையும் ஏற்படுத்துவதில்லை என்றும், தம் பங்கை விற்றால் வாங்குபவருக்கு இந்தப் பாதை பாத்தியத்தைத் தெரிவிப்பதாகவும் இந்த நீதிமன்றத்துக்கு உறுதிமொழி அளிக்கிறார். தவறினால், வாதி அகற்றிக்கொண்டு செலவைப் பிரதிவாதியிடம் வசூலிக்கலாம்.’ கூடவே, தீர்ப்பில் நீதிபதி ‘உறுதிமொழி பதிவு செய்யப்படுகிறது’ என்று ஒரு வாக்கியம் எழுதியிருந்தால்? 1979, 2006, 2023 தீர்ப்புகளை வைத்து யாரும் சண்டை போட வேண்டியதே இல்லை.

இந்த வரியை எழுதப் பத்து நிமிடம் கூடுதலாக ஆகும். ஆனால் ராஜி முடியும் நேரத்தில் எல்லோருக்கும் அவசரம். ‘மனசு மாறுவதற்குள் கையெழுத்து வாங்கிவிடலாம்’ என்ற பதற்றம் இரு பக்கமும் இருக்கும். நிலத்தை ஒரு தடவை சர்வேயரோ வழக்கறிஞர் ஆணையரோ அளந்து, எஃப்.எம்.பி. எனும் புல வரைபட நகலில் குறித்து இணைக்கலாம் என்றால், “அதுக்கு ஒரு மாசம் ஆகும், அதுக்குள்ள தம்பி மாறிடுவான்” என்கிறார்கள். அளவு தெரியாமல் போட்ட கையெழுத்தைப் பிறகு யாரும் அளந்து காட்ட முடியாது என்பதை நாம் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

மதுரைக்கும் சென்னைக்கும் அலைகிறவர்கள்

உறுதிமொழி சரியாக இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். அடுத்த தடை, இடம். கீழமை நீதிமன்றத்தை அவமதித்தவரைத் தண்டிக்கும் அதிகாரம், அவமதிப்புச் சட்டத்தின் 10-ஆம் பிரிவுப்படி உயர் நீதிமன்றத்திடம் இருக்கிறது. கன்னியாகுமரி மாவட்டத்துச் சார்பு நீதிமன்றத்தில் போட்ட கையெழுத்துக்காக, மதுரைக் கிளைக்குப் போக வேண்டும். வட மாவட்டங்கள் என்றால் சென்னை. நாற்பது சென்ட் புஞ்சைக்காரருக்கு உயர் நீதிமன்ற வழக்கறிஞர் கட்டணம், பயணம், தங்கும் செலவு எல்லாம் என்னவாக இருக்கும் என்று யோசித்துப் பார்க்கலாம்.

அடுத்து, காலம். மீறல் நடந்த ஓராண்டுக்குள் மனு போட்டாக வேண்டும். பூட்டைப் பார்த்ததும் ஊர்ப் பெரியவர்களிடம் பேசுவது, தாய்மாமனைத் தூது அனுப்புவது, தீபாவளி கழியட்டும் என்று காத்திருப்பது என்று நம் ஆட்கள் கழிப்பதே ஒரு வருடம். “பூட்டு இன்னும் தொங்குகிறதே, இது தொடர்ந்து நடக்கும் தவறுதானே” என்ற வாதம் எப்போதும் காப்பாற்றாது. 2024 ஜூலையில், தெலங்கானா நிலம் ஒன்று பற்றிய அவமதிப்பு வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்தக் காலவரம்பை மிகக் கண்டிப்பாகவே பார்த்தது.

இன்னொன்றும் பலருக்குத் தெரிவதில்லை. தண்டனை பெற்றவர் 19-ஆம் பிரிவின் கீழ் மேல்முறையீடு செய்யலாம். ‘அவமதிப்பு இல்லை’ என்று மனு தள்ளுபடியானால், மனு போட்டவருக்கு அந்தப் பிரிவில் மேல்முறையீடு இல்லை. அவமதிப்பு என்பது நீதிமன்றத்துக்கும் மீறியவருக்கும் இடையிலான விவகாரம், மனுதாரர் தகவல் தருபவர் மட்டுமே என்பது சட்டத்தின் பார்வை. நிலத்தை இழந்து நிற்பவருக்கு இதைப் புரியவைப்பது கடினம். அவரைக் குற்றம் சொல்லவும் முடியாது.

┌──────────
அவமதிப்பு மனு: எண்களில்

● அதிகபட்சத் தண்டனை: 6 மாதம் வெறுங்காவல், அல்லது 2,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும்.

● மனு போடக் கெடு: மீறல் நடந்த நாளிலிருந்து 1 ஆண்டு.

● ஒப்பிட்டுப் பார்க்க, ஈ.பி. போடக் கெடு: பொதுவாக 12 ஆண்டுகள். ‘அகற்று, இடித்துக்கொடு’ போன்ற செயலுறுத்துக் கட்டளைக்கு மட்டும் 3 ஆண்டுகள். ‘தடை செய்யாதே’ என்ற நிரந்தர உறுத்துக் கட்டளைக்குக் கெடுவே இல்லை.
└──────────

சிறைக்கு மேல் ஓர் அதிகாரம்

இவ்வளவு தடை இருந்தும் அவமதிப்பு மனுவுக்கு ஏன் இந்த மவுசு? அபராதம் 2,000 ரூபாய்தான். இன்றைய நில விலையில் அது யாரையும் பயமுறுத்தாது. பயமுறுத்துவது வேறு: நீதிமன்றம், மீறிச் செய்ததை இல்லாமல் ஆக்க முடியும்.

இந்தக் கோட்பாட்டுக்கு நம் உயர் நீதிமன்றம் பெருமைப்படலாம். 1975-ல் சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு, தடையுத்தரவை மீறிச் செய்த காரியத்தை நீதிமன்றம் பழைய நிலைக்குத் திருப்பலாம், திருப்ப வேண்டும் என்று தீர்ப்பளித்தது. செஞ்சுரி ஃபிளவர் மில்ஸ் வழக்கு அது. 1996-ல் டெல்லி வளர்ச்சி ஆணையத்தின் நிலத்தில் கட்டடம் எழுப்பி, தடையை மீறிப் பொதுமக்களிடம் பணம் வாங்கிய கட்டுமான நிறுவனத்தின் வழக்கில், சென்னையின் அந்தத் தீர்ப்பை உச்ச நீதிமன்றம் எடுத்தாண்டது. மீறியவர் அதனால் அடைந்த ஆதாயத்தை வைத்துக்கொள்ள விடக்கூடாது என்று, நிறுவனத்தை நடத்தியவர் குடும்பத்தின் சொத்துகள்வரை கை வைத்தது.

முன்பு சொன்ன 2023 குஜராத் வழக்கு நிலம் வாங்குபவர்கள் எல்லோரும் படிக்க வேண்டியது. நிலத்தை விற்கமாட்டோம் என்று வழக்கறிஞர் வழியாக உயர் நீதிமன்றத்தில் உறுதி தந்துவிட்டு விற்றுவிட்டார்கள். “உறுதி சொன்னது வழக்கறிஞர்தானே” என்ற வாதம் எடுபடவில்லை. கட்சிக்காரர் பெயரில் சொன்னால் கட்சிக்காரர் சொன்னதுதான். அவமதிப்பு நடவடிக்கையில் அந்தக் கிரயங்களையே செல்லாது என்று அறிவிக்க நீதிமன்றத்தால் முடியும். ‘எங்களுக்கு ஒன்றும் தெரியாது, பணம் கொடுத்து வாங்கினோம்’ என்று வருபவர்களுக்கு அந்த நடவடிக்கையில் இடமில்லை என்றது உச்ச நீதிமன்றம். மன்னிப்புக் கேட்டுவிட்டால் விட்டுவிட வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை என்று சேர்த்துச் சொன்னது.

இதே அதிகாரத்துக்கு ஓர் எல்லையும் உண்டு. மூல உத்தரவில் இல்லாத ஒன்றை அவமதிப்பு மனுவில் புதிதாகத் தர முடியாது. 2014-ல், சென்னையிலிருந்து போன ஒரு வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் அதைத் தெளிவாக்கியது. ராஜிப் பத்திரத்தில் 12 அடி என்று இல்லாவிட்டால், எந்த அவமதிப்பு மனுவும் 12 அடியை வாங்கித் தராது. மறுபடியும் அந்த மேஜைக்கே வந்து நிற்கிறோம்.

“ஜெயில் வேணாம், பாதை வேணும்”

குடும்ப நிலத் தகராறில் சிறை என்ற சொல்லுக்குத் தனிக் கனம் உண்டு. கூடப் பிறந்தவனை உள்ளே தள்ளினாள் என்ற பேச்சை எந்த அக்காவும் சுமக்க விரும்புவதில்லை. மகள்களுக்குப் பூர்விகச் சொத்தில் சம பங்கு தமிழ்நாட்டில் 1989-லிருந்து சட்டம். நாடு முழுவதற்கும் 2005-ல் வந்தது. ஆனால் பெண்கள் வழக்குப் போட்டு, பிறகு ராஜிக்கு வரும்போது, சட்டம் தந்த பங்கை அப்படியே பெறுவது அரிது. ‘சீர் செஞ்சோமே’, ‘அம்மாவை நாங்கதானே பாத்துக்கிட்டோம்’ என்று கழித்துக் கழித்து, ஓரத்து மேட்டு நிலம் கைக்கு வரும். பங்கைக் குறைத்துக்கொண்டு உறவைக் காப்பாற்றிய பெண்ணுக்கு, அந்தக் குறைந்த பங்குக்குப் போகும் பாதையும் இல்லை என்றால், அது இரண்டாவது முறை பறிப்பது.

அதனால்தான், அவமதிப்பு மனுவில் நோட்டீஸ் போனதுமே பல பூட்டுகள் திறக்கின்றன என்பதைக் கவனிக்க வேண்டும். உயர் நீதிமன்றம் பெரும்பாலும் முதலில், ‘சொன்னதை நிறைவேற்றிவிட்டு வாருங்கள்’ என்று அவகாசம் தருகிறது. நேரில் ஆஜராகச் சொன்ன தேதிக்கு முன்னால் கொட்டகை பிரிந்துவிடும். மனு முடித்துவைக்கப்படும். யாரும் சிறைக்குப் போவதில்லை. அக்காவுக்கு உண்மையில் வேண்டியதும் அதுதான்.

ஆனால் இந்த ஆயுதம் எதிர்ப்பக்கமும் வெட்டும். ராஜியில் எழுதியதைப் புரிந்துகொள்ளாமல் கைநாட்டு வைத்த முதியவர், வழக்கறிஞர் சொன்னார் என்று கையெழுத்துப் போட்ட விதவை, இவர்கள் மீதும் அவமதிப்பு மனு பாயலாம். ராஜியை எதிர்த்து அவர்களுக்கு மேல்முறையீடு இல்லை, புது வழக்கு இல்லை. அதே நீதிபதி முன் நின்று ‘எனக்குத் தெரியாமல் நடந்தது’ என்று நிரூபிக்க வேண்டும். ராஜியைப் பதிவு செய்யும் நீதிபதி இயந்திரம்போல ஒப்பமிடக்கூடாது, மனதைச் செலுத்திப் பார்க்க வேண்டும் என்று 1992-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. கட்சிக்காரரின் தெளிவான அனுமதி இல்லாமல் வழக்கறிஞர் அவருடைய உரிமையை விட்டுக்கொடுக்கக்கூடாது என்று 2015-ல் சொன்னது. ‘சம்மதம்தானே?’ என்ற ஒற்றைக் கேள்வி இதற்குப் போதாது. ஒவ்வொரு ஷரத்தையும் தமிழில் வாசித்துக் காட்டி, “இதை மீறினால் சிறைக்குப் போக நேரும், தெரியுமா?” என்று கேட்க வேண்டும். கடுமை கூடும்போது கவனமும் கூட வேண்டும்.

மறந்துபோன முதல் கதவு

அவமதிப்பு மனு மீது மக்களுக்கு இவ்வளவு ஆசை வரக் காரணம், ஈ.பி. மீது நம்பிக்கை போனது. இந்தியாவில் வழக்காடுபவரின் துன்பம் தீர்ப்பு வாங்கிய பிறகே தொடங்குகிறது என்று லண்டன் பிரிவி கவுன்சில் 1872-ல் வருந்தியது. 150 ஆண்டுகள் கடந்தும் வருத்தம் மாறவில்லை. 1980-ல் எழுதிய கிரய ஒப்பந்தத்துக்காக 1986-ல் தொடுத்த ஒரு தமிழ்நாட்டு வழக்கில், நிலத்தைக் கையில் வாங்கித் தரும்படி 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. அந்த வழக்கை ஒட்டி எல்லா உயர் நீதிமன்றங்களிடமும் கணக்குக் கேட்டது. ஈ.பி.க்களை ஆறு மாதத்தில் முடிக்க வேண்டும் என்று 2021-லேயே போட்ட உத்தரவை மீண்டும் நினைவூட்டியது. 2025 அக்டோபரில் வந்த கணக்கு: நாடு முழுவதும் சுமார் 8.82 லட்சம் நிறைவேற்று மனுக்கள் நிலுவை. மகாராஷ்டிரத்துக்கு அடுத்து தமிழ்நாடு, 86 ஆயிரத்துக்கும் மேல்.

ஆனால் சட்டப் புத்தகத்தில் ஈ.பி. பலவீனமானது இல்லை. ஆணை 21, விதி 32-இன் கீழ், உறுத்துக் கட்டளையை மீறுபவரைச் சிவில் சிறையில் வைக்கலாம், சொத்தை ஜப்தி செய்யலாம். அதே விதியின் ஐந்தாவது உட்பிரிவு, செய்ய வேண்டியதை நீதிமன்றமே ஆள் வைத்துச் செய்து, செலவை மீறியவரிடம் வசூலிக்க இடம் தருகிறது. அதாவது, அமீனாவும் போலீஸ் பாதுகாப்புமாகப் போய் அந்தக் கேட்டைக் கழற்றிவிடலாம். ராஜிப்படி கிரயம் எழுதித் தராமல் இழுத்தடித்தால், விதி 34-இன் கீழ் நீதிமன்றமே எழுதிக் கொடுக்கும். நிலத்தை விடாதவரை வெளியேற்ற விதி 35 இருக்கிறது. இதற்கெல்லாம் மதுரைக்கோ சென்னைக்கோ போக வேண்டாம், தீர்ப்புத் தந்த நீதிமன்றமே போதும்.

பாகப்பிரிவினை ராஜியில் ஒரு பொறி உண்டு, அதைச் சொல்லாமல் நகர முடியாது. ‘ஆளுக்குப் பாதி’ என்று மட்டும் எழுதினால் அது பெரும்பாலும் முதல்நிலைத் தீர்ப்பாணையாகத்தான் நிற்கும். யாருக்கு எந்தப் பக்கம் என்று அளந்து பிரிக்க, இறுதித் தீர்ப்பாணைக்கு இன்னொரு சுற்று போக வேண்டும். அதற்கு மனு வரும்வரை காத்திருக்காமல், விசாரணை நீதிமன்றங்களே வழக்கைத் தொடர வேண்டும் என்று 2022-ல் உச்ச நீதிமன்றம் அறிவுறுத்தியது. சக்குபந்தி (நான்கு பக்க எல்லைகள்) சொல்லி, வரைபடம் இணைத்துப் பிரித்துக்கொண்ட ராஜிக்கு இந்தச் சுற்று பெரும்பாலும் தேவைப்படாது.

கையில் தீர்ப்பாணை வந்ததும் பலர் அதை மடித்துப் பீரோவில் வைத்துவிடுகிறார்கள். சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்யாத ராஜி, வில்லங்கச் சான்றில் வராது. தம்பி தன் பங்கை விற்கும்போது, வாங்குபவர் கண்ணில் அந்தப் பாதை படவே படாது. பதிவுக்கான நான்கு மாதக் கெடு கடந்துவிட்டது என்று சொல்லித் தீர்ப்பாணையைப் பதிய மறுக்கக்கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் பலமுறை சொல்லிவிட்டது. பதிந்து, உட்பிரிவு செய்து, பட்டாவையும் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டால், மீறுவதற்கான இடமே சுருங்கிவிடும்.

இனி வரப்போகும் ராஜிகள்

2023-ல் நாடாளுமன்றம் சமரசச் சட்டத்தை நிறைவேற்றியது. அதன் பிரிவுகள் எல்லாம் ஒரே நாளில் அமலுக்கு வரவில்லை. நீதிமன்றத்துக்கு வெளியே சமரசர் முன்னால் எழுதிக்கொள்ளும் ஒப்பந்தத்தையும் நீதிமன்றத் தீர்ப்பாணை போலவே நிறைவேற்றலாம் என்பது அதன் சாரம். நல்ல சட்டம். வழக்கே போடாமல் பங்காளிகள் தீர்த்துக்கொள்ள வழி செய்கிறது. ஆனால் அப்படிப்பட்ட ஒப்பந்தத்தில் நீதிபதி இல்லை, நீதிமன்றத்துக்குத் தந்த உறுதிமொழியும் இல்லை. மீறினால் அவமதிப்புக் கதவைத் தட்ட முடியுமா என்பது பெரிய கேள்வி. தட்ட முடியாது என்றே எனக்குத் தோன்றுகிறது. அப்படியென்றால் அந்தப் பாரம் முழுவதும், ஏற்கெனவே 86 ஆயிரம் மனுக்களோடு திணறும் நிறைவேற்று நீதிமன்றங்கள் மேல்தான் விழும். அமீனாக்களைக் கூட்டாமல், சர்வேயர்களைக் கூட்டாமல், ஈ.பி.க்கு ஆறு மாதக் கெடுவை உண்மையாகக் கடைப்பிடிக்காமல் சமரசத்தை ஊக்குவிப்பது, நம்பி வருகிறவர்களை நடுவழியில் விடுவதாகும்.

நீதிமன்றத்துக்குள் நடக்கும் ராஜிகளுக்கு இவ்வளவு காத்திருக்கத் தேவையில்லை. சமரசத் தீர்வு மையங்களின் படிவத்திலேயே நான்கு விஷயங்களைக் கட்டாயமாக்கலாம்: அளந்த வரைபடம், தேதி, தவறினால் என்ன என்ற ஷரத்து, நீதிமன்றத்துக்கு உறுதிமொழி. கூடவே, ஷரத்துகளைத் தமிழில் வாசித்துக் காட்டியதாக நீதிபதியின் குறிப்பும் இருக்கட்டும். இதற்குச் சட்டத் திருத்தம் வேண்டாம், நிதி ஒதுக்கீடு வேண்டாம். உயர் நீதிமன்றத்தின் ஒரு சுற்றறிக்கை போதும்.